சந்தோஷத்துக்கு மேலே

"புருஷன் பேரு இன்னாம்மா?"

"அதோ, கதவாண்ட நிக்கறாரே, அவருதான் சிஸ்டர்."

"ஆளைக் கேக்கலம்மா, பேரைக் கேக்கறேன்."

"அவரையே கேட்டுக்கங்களேன்."

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"தெரியாம இருக்குமா?"

"அப்ப சொல்லித் தொலையேன். நான் மத்த பெட்டெல்லாம் பாக்க வேணாமா?"

"சந்தோஷம் இருக்குதில்ல சிஸ்டர், அதுக்கும் மேல இன்னா கீதோ, அதான் அவர் பேரு."

"எனக்குத் தெரிஞ்சு சந்தோஷத்துக்கு மேல சம்பளம்தான் கீது. சம்பளம்னு எழுதிக்கவா?"

தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில், மகள் சத்யப்ரியா பிறந்த மறுநாள் காலை நடந்த பேச்சு இது. அந்த மகள் இப்போது கல்லூரியில் இரண்டாம் வருஷம். இருந்தாலும் ஆனந்தன் இதை நினைத்தால் போதும், டீ குடித்துக்கொண்டிருந்தால் புரையேறிவிடும். அன்றைக்கு அவர்தான் இரண்டெட்டு முன்னால் வந்து, "ஆனந்தன் சிஸ்டர், ஆ-னந்-தன்" என்று சொல்லி அந்த நர்ஸைக் காப்பாற்றினார். கட்டிலில் கிடந்த அங்காளம்மாள், பெரிய பரீட்சையில் தப்பித்தவள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள்.

புருஷன் பெயரைச் சொல்லாத பெண்கள் அவள் வயசில் நிறையப் பேர் உண்டு. ஆனால் அங்காளம்மாள் அதோடு நிற்கவில்லை. பெயர் எந்த வார்த்தைக்குள் ஒளிந்திருந்தாலும் அந்த வார்த்தையையே வீட்டைவிட்டு ஒதுக்கி வைத்துவிட்டாள். ராஜகீழ்ப்பாக்கத்தில் அவர்கள் தெருமுனையில் இருந்த ஆனந்தா மளிகை, அவள் வாயில் "உங்க மளிகை" ஆயிற்று. பக்கத்து வீட்டு சாவித்ரியின் மூத்த மகன் ஆனந்த், பிறந்த நாளிலிருந்து அவளுக்கு "பெரியவன்"தான். கல்யாண வீடுகளில் எல்லாரும் ஆனந்தக் கண்ணீர் விடும்போது அவள் மட்டும் சந்தோஷக் கண்ணீர் விட்டாள். ஒருமுறை ஆனந்தபுரத்துக்கு ஆட்டோ பேச வேண்டியிருந்தது. "எங்க வூட்டுக்காரர் புரத்துக்குப் போவணும்பா" என்று கூசாமல் சொல்லிவிட்டாள். ஆட்டோக்காரர் மீட்டரைக்கூட மறந்துவிட்டு, "இன்னாக்கா, ஊரையே வாங்கிட்டாரா உங்க வூட்டுக்காரரு?" என்று கேட்டார்.

இதெல்லாம் சிரிக்கிற கதைகள். சிரிக்க முடியாத கதையும் ஒன்று இருந்தது. செம்பாக்கத்தில் அங்காளம்மாளின் சித்தி ஒருத்தி இருந்தாள். அவள் ஒருநாள் சண்டையில் ஆத்திரம் தாங்காமல், நடுத்தெருவில் நின்று புருஷன் பேரைச் சொல்லி ஏசிவிட்டாள். அந்த மாசமே ஜி.எஸ்.டி. ரோட்டில் அவர் லாரி மோதிப் போய்விட்டார். ரோட்டில் விளக்கு இல்லை, லாரியில் பிரேக் இல்லை என்று ஊர் ஆயிரம் காரணம் பேசியது. சித்திக்கு ஒரே காரணம்தான். அழுதுகொண்டிருந்த சித்தியின் மடியில் அப்போது உட்கார்ந்திருந்தது சின்னப் பெண் அங்காளம்மாள்.

அதனால்தான் ஆனந்தனால் அந்த ஆசையை வெளியே சொல்ல முடியவில்லை.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. மனைவி தன்னை ஒரு தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் அவர் ஃபிட்டர். அங்கே அவர் பெயருக்குப் பஞ்சமே கிடையாது. சூப்பர்வைசர் கூப்பிடுவார், மைக்கில் அழைப்பார்கள். ஆனால் அது வேலைக்குக் கூப்பிடுகிற பெயர். அவர் அம்மா இருந்தவரைக்கும் "ஆனந்தா..." என்று கடைசி எழுத்தை இழுத்துக் கூப்பிடுவாள். ஐம்பதை நெருங்கிய பிறகும் அந்தக் குரலுக்கு அவர் ஓடித்தான் போவார். அம்மா போன பிறகு வீட்டில் அவர் அப்பா, மாமா, அண்ணா, ஏங்க. பேர் வாசலோடு நின்றுவிட்டது.

ஷெட்டில் கூட வேலை பார்க்கும் சவுரிமுத்துவின் வீடு அஸ்தினாபுரத்தில். அங்கே போகும்போதெல்லாம் சவுரிமுத்துவின் மனைவி கனகவல்லி அடுப்படியிலிருந்து, "முத்து, காபி ஆறிப் போவுது பாரு" என்று குரல் கொடுப்பாள். சவுரிமுத்து காதிலேயே வாங்க மாட்டார். ஆனந்தனுக்குத்தான் காபி தொண்டையில் நிற்கும். கிடைத்தவனுக்கு அருமை தெரியவில்லையே என்று இருக்கும்.

கேட்டுவிடலாம் என்று எத்தனையோ முறை வாயெடுத்திருக்கிறார். கேட்டால் அவள் மாட்டேன் என்று சொல்லுவாளோ என்பதல்ல அவர் பயம். சொல்லிவிடுவாள். அவர் ஒன்று கேட்டு அவள் மறுத்ததே இல்லை. சொல்லிவிட்டு, அப்புறம் அவர் வேலையிலிருந்து திரும்பக் கால் மணி நேரம் தாமதமானாலும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து செத்துப் பிழைப்பாள். அவளுடைய நிம்மதியைக் கொடுத்துத் தன் காதுக்கு ஒரு சுகம் வாங்குவதா? வேண்டாம் என்று ஆசையை மடித்து உள்ளே வைத்துவிடுவார். அது மடித்தபடி கிடந்ததே தவிரப் பழசாகவில்லை.

இந்த வருஷம் ரேடியோவில் பன்னிரண்டு மணிக்கு முன்னால் 'சொல்லுங்க பார்க்கலாம்' என்று ஒரு நிகழ்ச்சி வந்துகொண்டிருந்தது. பிரேம் என்று ஒரு பையன் நடத்தினான். நேயர்கள் போன் செய்ய வேண்டும். அவன் ஒரு வார்த்தையை மனதில் வைத்துக்கொண்டு குறிப்பு கொடுப்பான். கண்டுபிடித்துச் சொன்னால் மிக்ஸி. ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் அந்த நேரத்தில் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாகத்தான் நிற்பார்கள். அங்காளம்மாளும் மாசக்கணக்கில் போன் போட்டுப் பார்த்தாள். எப்போதும் எங்கேஜ்டு. இருந்தும் தினம் காலையில் டிபன் பாக்ஸைக் கையில் கொடுக்கும்போது, "இன்னிக்கு லைன் கெடைக்கும் பாருங்க" என்று சொல்லத் தவறுவதில்லை.

"கெடைச்சா என்னாத்தைப் பேசுவே?"

"வார்த்தையைச் சொல்லுவேன், மிக்ஸிய வாங்குவேன். வேற என்னா? நம்ம மிக்ஸி போடற சத்தத்துல சாவித்ரி வூட்டுக் கொழந்தை எந்திரிச்சுக்குது."

அன்றைக்கு லைன் கிடைத்தது.

ஷெட் வாசலில் தசரதனின் டீக்கடை. வேலை இடைவெளியில் ஆனந்தனும் சவுரிமுத்துவும் அங்கே நின்று வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்கள். பலகை மேல் இருந்த ரேடியோவில் பிரேமின் குரல்.

"வணக்கம், யார் பேசறீங்க?"

"நான் ராஜகீழ்ப்பாக்கத்துலேர்ந்து அங்காளம்மா பேசறேங்க."

ஆனந்தன் கையிலிருந்த வடை சட்னியில் விழுந்தது. சவுரிமுத்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "மச்சான், உன் வூட்டுக்காரிடா! தசரதா, சவுண்டு வையி!"

"அங்காளம்மாக்கா, இன்னிக்கு என்ன கொழம்பு?"

"காராமணிக் கொழம்புங்க. கருவாடு போடலை, வெள்ளிக்கெழமை."

"சூப்பர்க்கா. மிக்ஸி வேணுமா?"

"அதுக்குத்தான தம்பி அடுப்பைக் கூட அணைச்சுட்டு நிக்கறேன்."

டீக்கடையே சிரித்தது. ஆனந்தனுக்கு முகமெல்லாம் பல். அவள் குரல் போனில் இன்னும் சின்னப் பெண் குரலாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டார்.

"முதல் குறிப்பு. இது ஒரு மகிழ்ச்சி. ஆனா சாதாரண மகிழ்ச்சி இல்லை. பாத்திரம் நெறைஞ்சு வழியற மாதிரி மகிழ்ச்சி."

"குதூகலம்!"

"அட, நல்ல வார்த்தை. ஆனா அது இல்லக்கா."

"குஷியா?"

"குஷி இதுக்குத் தம்பி, அக்கா. இது அண்ணன். ரெண்டாவது குறிப்பு கேளுங்க. இந்த வார்த்தை சமஸ்கிருதத்துலேர்ந்து நமக்கு வந்தது. அங்க 'நந்த்'னு ஒரு வேர் இருக்கு. மகிழ்றதுன்னு அர்த்தம். பூந்தோட்டத்தை நந்தவனம்னு சொல்றோமே, மகிழ்விக்கற வனம், அது அந்த வேர்தான். நந்தினின்னு பேர் வைக்கறாங்களே, அதுவும் அந்த வேர்தான். அதுக்கு முன்னாடி ஒரு 'ஆ' போட்டா, கொறையே இல்லாம முழுசா மகிழ்றதுன்னு ஆயிடும். இப்ப சொல்லுங்கக்கா, ஆ போட்டுச் சொல்லுங்க!"

ரேடியோவில் சத்தமே இல்லை.

டீக்கடையில் ஒருத்தர், "அதாம்மா, ஆனந்தம்!" என்று ரேடியோவைப் பார்த்துக் கத்தினார். ஆனந்தன் மட்டும் தரையைப் பார்த்தார். போச்சு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"தெரியலையா?"

"நல்லாத் தெரியுதுங்க."

"அப்புறம் என்ன, சொல்லுங்க!"

"சொல்லக் கூடாதுங்க."

"என்னக்கா இது, ஏன்?"

"அது எங்க வூட்டுக்காரர் பேருங்க. கடைசி எழுத்து ஒண்ணுதான் வேற."

பிரேம் ஒரு நிமிஷம் பேச்சில்லாமல் நின்றான். ரேடியோக்காரன் பேச்சில்லாமல் நிற்பதை ஊர் அன்றைக்குத்தான் கேட்டது. பிறகு அவனும் சிரித்துவிட்டான். "அக்கா, உங்க வீட்டுக்காரர் பேரு ஆனந்தனா?"

"அதான் நீங்களே சொல்லிட்டீங்களே தம்பி! அதான், அதேதான்."

"நான் சொன்னா செல்லாதுக்கா. நீங்கதான் சொல்லணும், அதான் ரூல்ஸ். வீட்ல வேற யாராவது இருந்தாக் குடுங்க."

"பொண்ணு காலேஜுக்குப் போயிருக்கா. வூட்ல பல்லிதான் கீது."

"ஒரே ஒரு வார்த்தைக்கா. அவருக்குத் தெரியவா போவுது?"

"அவருக்குத் தெரியறதைப் பத்தி இல்ல தம்பி." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவரு நல்லா இருக்கணும். எங்க சைடுல அதைச் சொன்னா ஆயுசு கொறையும்பாங்க. நெசமோ பொய்யோ, ஒரு மிக்ஸிக்காக நான் அதை சோதிச்சுப் பாக்க முடியுமா? நீங்க வேற யாருக்காவது குடுத்துடுங்க. நல்லா அரைக்கட்டும்."

போனை வைத்துவிட்டாள். பிரேம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஏதோ விளம்பரத்துக்குப் போனான். அடுத்து வந்த குரோம்பேட்டைப் பெண் ஒரே மூச்சில் "ஆனந்தம்" என்று சொல்லி மிக்ஸியைத் தட்டிக்கொண்டு போனாள்.

டீக்கடையில் எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

"ஆனந்தண்ணே, உங்க பேரால ஒரு மிக்ஸி போச்சே!"

"எங்க வூட்லயும் என் பேரைச் சொல்லுவா. தெருவே கேக்கும். கூட நாலு வார்த்தையும் சேத்துக் கேக்கும்."

"மச்சான், இன்னிக்கு நீ டீக்குக் காசு குடுக்கக் கூடாது" என்றார் தசரதன். "இந்த மாதிரி பொஞ்சாதி கெடைச்சவன்கிட்ட காசு வாங்கினா எனக்குப் பாவம்."

சவுரிமுத்து மட்டும் கேலி செய்யவில்லை. கிளாஸை வைத்துவிட்டு, "நந்தவனமெல்லாம் உன் பேர்லதான் கீதாமே? எனக்குத் தெரியவே தெரியாதுடா" என்றார்.

"எனக்கே தெரியாது" என்றார் ஆனந்தன்.

அவருக்கு நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஊர் கேட்க அவள் அவரைத் தூக்கி வைத்துவிட்டாள். அதே சமயம், இத்தனை வருஷமாக மடித்து வைத்திருந்த ஆசை இனிமேல் அவ்வளவுதான் என்றும் தோன்றியது. ஒரு மிக்ஸிக்காகச் சொல்லாதவளிடம், உலகமே கேட்டும் சொல்லாதவளிடம், எனக்காகச் சொல்லு என்று எந்த முகத்தோடு கேட்பது? கேட்டால் அவள் செய்த நல்ல காரியத்தையே உதறித் தள்ளுவது போல ஆகிவிடாதா? போகட்டும், இதுவே போதும் என்று மனதைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்.

மத்தியானம் ஷெட்டில் ஒரு சின்னக் குழப்பம். ஆபீஸ் அறையிலிருந்து சூப்பர்வைசர் வேதாசலம் எட்டிப் பார்த்தார். "ஆனந்தன், உங்க வீட்லேர்ந்து போன் வந்துச்சு. நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டாங்க. நல்லாத்தான் இருக்காரு, கூப்பிடவான்னேன். வேணாம், நல்லா இருந்தாச் சரின்னு வச்சுட்டாங்க."

ஆனந்தனுக்கு ஒன்றும் புரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அங்காளம்மாள் ஷெட்டுக்கு போன் செய்ததே இல்லை. அரை மணி நேரம் கழித்து வேதாசலம் மறுபடி எட்டிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் முகத்தில் சந்தேகம். "மறுபடியும் போன். அதே கேள்வி. உடம்புக்கு ஏதாவதா உங்களுக்கு? மறைக்காதீங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். அவளுக்குத்தான் இன்னிக்கு ரேடியோல வந்த குஷி."

வீடு திரும்பும்போது தெருவே வாசலில் நின்றது. ஆனந்தா மளிகைக்காரர் எழுந்து கும்பிட்டார். சாவித்ரி, "அண்ணா, அக்கா இன்னிக்கு ஸ்டார் ஆயிட்டாங்க" என்றாள். உள்ளே நுழைந்தால் சத்யப்ரியா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, காலேஜ் கேன்டீன்ல ஓடிச்சுப்பா! எங்க அம்மாதான்னு சொன்னேன், ஒருத்தரும் நம்பலை. இப்ப எல்லாப் பசங்களும் இந்த மாதிரி பொண்ணு வேணும்ங்கறானுங்க. பொண்ணுங்கல்லாம் உன்மேல கோவமா இருக்காங்கம்மா, ரேட்டை ஏத்திவிட்டுட்டேன்னு."

"போடி அந்தாண்ட" என்று அங்காளம்மாள் மகளைத் தள்ளிவிட்டாள். ஆனால் கண் முழுக்க ஆனந்தன் மேல்தான் இருந்தது. தலையிலிருந்து கால் வரைக்கும் ஒருமுறை பார்த்து முடித்த பிறகுதான் காபிக்குப் பால் வைத்தாள்.

சத்யப்ரியா குளிக்கப் போனதும் இருவரும் துணி எடுக்க மொட்டை மாடிக்கு ஏறினார்கள். வெயில் தணிந்து வேளச்சேரி ரோட்டில் பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருந்தன. கொடியில் பெரிய போர்வை ஒன்று தொங்கியது. அதை மடிக்க இரண்டு பேர் வேண்டும். அவர் இரண்டு முனையைப் பிடித்தார், அவள் இரண்டு முனையைப் பிடித்தாள்.

"கேட்டீங்களா?" என்றாள்.

"தாம்பரமே கேட்டுச்சு."

"மிக்ஸி போச்சேன்னு கோவமா?"

"மிக்ஸி நான் வாங்கித் தரேன். எதுக்கு ஷெட்டுக்கு ரெண்டு தபா போன் பண்ணினே? வேதாசலம் சார் எனக்கு நெஞ்சுவலின்னே முடிவு கட்டிட்டாரு."

அங்காளம்மாள் போர்வையை உதறினாள். மறுபடி உதறினாள்.

"சொன்னா திட்டக் கூடாது."

"என்னிக்குத் திட்டியிருக்கேன்?"

"அந்தப் பையன் சொன்னான் இல்ல, ஆ போட்டா முழுசான்னு அர்த்தம், நந்தவனமெல்லாம் அதுலதான்னு. எனக்கு அது புதுசா இருந்துச்சுங்க. உங்க பேருக்கு அர்த்தம் இருக்கும்னு நான் யோசிச்சதே இல்லை. வாயில வெச்சுப் பாத்தாத்தான யோசிக்கத் தோணும்? போனை வெச்சப்புறம் அதே நெனைப்பாப் போச்சு. கொழம்பு கொதிக்கற சத்தத்துல..." அவள் நிறுத்தினாள். "மனசுக்குள்ள ஒரு தபா சொல்லிப் பாத்துட்டேன்."

ஆனந்தன் கையில் இருந்த முனை நழுவப் பார்த்தது.

"சொல்லிட்டு வெடவெடன்னு வந்துடுச்சு. அதான் போன் போட்டேன். நல்லா இருக்காருன்னு சொன்னாங்க."

"ரெண்டாவது போனு?"

"நல்லா இருக்காருன்னு சொன்னாங்களே, அந்த தைரியத்துல இன்னொரு தபா சொல்லிப் பாத்தேன்." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் சிரிப்பை மறைக்க முடியவில்லை. "அப்புறம் போன் பண்ணலை. சும்மா சொல்லிக்கினே இருந்தேன். நல்லாத்தான் கீது அந்தப் பேரு. உங்கம்மா பாத்துத்தான் வெச்சிருக்காங்க."

"சித்தி ஞாபகம் வரலையா?"

"வந்துச்சு. சித்தி கோவத்துல சொன்னா. நான் அப்படியா சொன்னேன்?"

போர்வையின் நடுவைச் சேர்த்துக்கொண்டு இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்தார்கள். முனைகளை அவள் கையில் கொடுக்க வேண்டியதுதான். அவர் கொடுக்கவில்லை. பிடித்தபடியே நின்றார். போர்வை இரண்டு பேர் கைக்கும் நடுவில் வெயில் சூட்டோடு இருந்தது.

"இன்னாங்க?" என்றாள் அவள்.

அவர் ஒருமுறை படிக்கட்டுப் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முதல்முறை எழுந்து நின்று பதில் சொல்லும் பையன் மாதிரி நிமிர்ந்து நின்றார். இத்தனை வருஷமாக இதற்கு எவ்வளவோ ஜோடனையான வாக்கியங்களை யோசித்து வைத்திருந்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அங்காளம், எனக்கு ஒரு ஆசை. கட்டிக்கின நாள்லேர்ந்து கேக்கணும்னு நெனைச்சு, கேக்காமலே வெச்சிருக்கேன். மனசுக்குள்ள சொன்னியே, அதை எனக்குக் கேக்கற மாதிரி சொல்லேன். என் பேரைச் சொல்லி ஒரு தபா கூப்பிடேன்."